குடியேறியோரின் வாக்குரிமை: நியூசிலாந்து காட்டும் வழி

பெரும்பாலான நாடுகளில் தேசியத் தேர்தலில் வாக்களிப்பது குடிமக்களுக்கு மட்டுமே உரிய உரிமையாக இருக்க, நியூசிலாந்து 1975இல் சட்டத்தைத் திருத்தி, குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை வழங்கியது. 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை, ஓர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் குடிமக்கள் மற்றோர் உறுப்பு நாட்டில் வசிக்கையில், அங்கு உள்ளாட்சித் தேர்தலிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்க வழிசெய்தபோதும், அந்நாட்டின் தேசிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு அவ்வுரிமையை நீட்டிக்கவில்லை என்பதை ஒப்பிட்டால், நியூசிலாந்தின் முடிவு எவ்வளவு விரிவானது என்பது புலப்படும்.

அங்கு காலவரையறையற்ற வசிப்பு அனுமதி பெற்று, ஏதேனும் ஒரு காலத்தில் தொடர்ந்து ஓராண்டாவது வாழ்ந்த, 18 வயது நிறைந்தவர் வாக்களிக்கலாம். குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் வேலை அல்லது கல்வி விசாவில் வந்தவருக்கு இது பொருந்தாது. தகுதியுடையோர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். வாக்களிப்பதோ அவரவர் விருப்பம். பெயர் வெளியானால் தம் பாதுகாப்புக்கு ஆபத்து நேரும் என அஞ்சுவோர், பொதுப் பார்வைக்கு வைக்கப்படாத தனிப்பட்டியலில் இடம்பெற விண்ணப்பிக்கலாம். வாக்குச்சாவடியில் அடையாள அட்டை கேட்கப்படுவதில்லை. பெயரையும் முகவரியையும் சொன்னால், அலுவலர் பட்டியலில் சரிபார்த்து வாக்குச்சீட்டை அளிப்பார். எனினும், வேட்பாளராக நிற்பதற்குப் பொதுவாகக் குடியுரிமை வேண்டும்.

வரி செலுத்தி, சட்டங்களுக்குக் கட்டுப்பட்டு, பிள்ளைகளை அம்மண்ணிலேயே வளர்ப்பவருக்கு அச்சட்டங்களை இயற்றுவோரைத் தேர்ந்தெடுப்பதிலும் பங்கு இருக்க வேண்டும் என்பதே மக்களாட்சியின் நியாயமாகும்.