கவுன்ட்டரில் ஒரு வரி

கோவையில் பம்புசெட் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்: "டிபன் பாக்ஸுக்குள்ள காப்பர் கம்பி. வாட்ச்மேன் திறந்தாரு, நானே கண்ணால பார்த்தனுங்க சார். இதுல நாம எப்படித் தோப்போம்?"

லேபர் கோர்ட்டில் நிர்வாகத் தரப்புக்கு ஆஜராகும் என்னைப் போன்றவர்களிடம் முதலாளிகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பதில் அவர்களுக்குப் பிடிக்காது. கம்பி இருந்ததா என்பதை நீதிபதி முதலில் பார்க்க மாட்டார். வேலையை விட்டு நீக்கும் முன் கம்பெனிக்குள் ஒழுங்காக விசாரித்தீர்களா என்றுதான் பார்ப்பார்.

உள்விசாரணையை என்கொயரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எந்தத் தேதி, எந்த ஷிப்டு, என்ன குற்றம் என்று தெளிவாக எழுதி சார்ஜ் மெமோ கொடுக்க வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். சம்பவத்தில் சம்பந்தப்படாத ஒருவர் விசாரணை அதிகாரியாக உட்கார வேண்டும். கம்பெனியின் சாட்சிகள் தொழிலாளியின் எதிரில்தான் பேச வேண்டும். அவர் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். முடிவில் அறிக்கையின் நகலைக் கொடுத்து, உன்னை ஏன் நீக்கக் கூடாது என்று இன்னொரு நோட்டீஸ். இதெல்லாம் நான் வக்காலத்துப் போடுவதற்கு மாதக்கணக்கில் முன்பே நடந்து முடிந்திருக்கும். அதனால் பாதி வழக்கு என் கைக்கு வரும்போதே ஜெயித்தோ தோற்றோ வருகிறது.

வக்காலத்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1947-ம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, எதிர்த்தரப்பு சம்மதித்து கோர்ட்டும் அனுமதித்தால்தான் வக்கீல் ஆஜராகலாம். பணமுள்ளவன் பெரிய வக்கீலை வைத்துத் தொழிலாளியை மடக்கிவிடக் கூடாது என்ற எண்ணம். நடைமுறையில் இரு பக்கமும் வக்கீல்கள்தான். ஆனால் யூனியன்காரர் எழுந்து 'ஆட்சேபணை' என்றுவிட்டால், ஃபைலை மூடிக்கொண்டு பின் வரிசைக்குப் போக வேண்டியதுதான். எனக்கும் நடந்திருக்கிறது.

சரி, என்கொயரியில் ஓட்டை விழுந்துவிட்டது. எல்லாம் போயிற்றா? இல்லை. குற்றத்தைக் கோர்ட்டிலேயே புதிதாகச் சாட்சி வைத்து நிரூபிக்கலாம் என்று 1973-ல் ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் அந்த வாய்ப்பைக் கேட்க வேண்டும், அதுவும் நேரத்தோடு. எதிருரையிலேயே, அதாவது கவுன்ட்டரிலேயே, கேட்டிருக்க வேண்டும் என்றது 1983-ன் ஷம்புநாத் கோயல் தீர்ப்பு. 2001-ல் லட்சுமிதேவம்மா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது. 'விசாரணை செல்லாது என்று கருதினால், குற்றத்தை இங்கே நிரூபிக்க அனுமதி வேண்டும்.' கவுன்ட்டரில் இந்த ஒரு வரி இல்லாமல் தோற்றவர்கள் உண்டு.

நண்பர் முகம் சுளித்தார். "நம்ம என்கொயரி தப்புன்னு நாமளே ஒத்துக்கிற மாதிரி இருக்குதுங்களே?"

"வண்டியில ஸ்டெப்னி வச்சிருந்தா டயர் பஞ்சர்னா அர்த்தம்?"

குற்றம் நிரூபணமான பிறகும் ஒரு படி இருக்கிறது. தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971-ல் சேர்ந்த 11ஏ பிரிவு, தண்டனை அதிகம் என்று பட்டால் அதைக் குறைக்கவும், மறுபடி வேலை தரச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. திருட்டில் இரக்கம் எளிதில் கிடைக்காது. தொகை சிறிது என்பதும் பெரிதாக எடுபடாது. ஆனால் பதினெட்டு வருஷம் ஒரு மெமோகூட வாங்காதவர் நைட் ஷிப்டில் தூங்கினார் என்று டிஸ்மிஸ் செய்துவிட்டு வருகிறவர்களிடம், ஃபீஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுவேன், இது நிற்காது என்று.

மறுபடி வேலை என்று தீர்ப்பாகி, கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போனால், 17பி பிரிவு காத்திருக்கும். வேறெங்கும் வேலை செய்யவில்லை என்று தொழிலாளி பிரமாண வாக்குமூலம் தந்தால், மேல் வழக்கு முடியும் வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். கம்பெனி கடைசியில் ஜெயித்தாலும் அந்தப் பணம் திரும்பாது. முதலாளிகள் டீயைக் கீழே வைப்பது இந்த இடத்தில்தான்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின. நீக்கத்தை எதிர்த்து வழக்குப் போடும் கெடு மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகச் சுருங்கியது. என்கொயரி ஒழுங்காக நடந்ததா என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத்தான் நண்பரிடமும் கேட்டேன்.

"புகார் எழுதினது யாருங்க?"

"நான்தான்."

"விசாரணை அதிகாரி?"

"சின்ன கம்பெனிங்க சார், வேற யாரு இருக்காங்க? நான்தான்."

"டிஸ்மிஸ் ஆர்டர்ல கையெழுத்து?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கவுன்ட்டர் தாக்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஸ்டெப்னி வரியை நான் எழுதிக்கொள்கிறேன், கோர்ட்டில் சாட்சி சொல்ல அந்த வாட்ச்மேனைத் தயாராக வைத்திருங்கள் என்றேன்.

"அவரு போன வருஷமே வேலையை விட்டு ஊருக்குப் போயிட்டாருங்களே."

"அப்போ கவுன்ட்டர் இருக்கட்டும். முதல்ல அவரைத் தேடுங்க."