சுற்று கூடினால் சுரம் தெளியுமா?

என் மகன் பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை 41 ஹெர்ட்ஸிலிருந்து 31 ஹெர்ட்ஸுக்கு இறக்கினான். தந்தி தொய்ந்தது, ஒலி குழம்பியது. "அதிகச் சுற்றுள்ள பிக்கப் மாற்றினால் சரியாகும்ப்பா" என்றான். தீபாவளி போனஸில் வாங்கிக் கொடுத்தேன். சத்தம் கூடியது, குழப்பமும் கூடியது!

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள்தான். சுற்று கூடினால் வலு ஏறும், மேற்சுரங்கள் மங்கும். தம்புராவில் தானாக எழும் காந்தாரம் போன்ற அந்த மேற்சுரங்களால்தான் தாழ்ந்த சுரம் காதுக்குத் தெளிகிறது.

பிறகு இன்னும் தடித்த தந்தி மாட்டினோம். சுற்றுக் குறைந்த பிக்கப்பைப் பொருத்தி, தந்தியிலிருந்து சற்றே இறக்கி வைத்தோம். சுரம் பேசியது.

உங்கள் பிள்ளையும் கேட்டால், முதலில் தந்தியை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் தேவையென்றால், பழைய பிக்கப்பை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.