பில் இல்லாமல் கரையேறிய டிரம்

2020 ஜூன். சென்னையோடு செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலும் ஊரடங்கை மறுபடி இறுக்கிய மாதம். மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேடு கரையில், மூடி சீல் வைத்த டிரம் ஒன்று ஒதுங்கியது. உள்ளே சீன எழுத்து அச்சிட்ட தேயிலைப் பொட்டலங்கள், மொத்தம் 78. பொட்டலத்துக்குள் இருந்ததோ மெத்தாம்பெட்டமைன் என்கிற போதைப்பொருள்.

அதே மாதம் 8ஆம் தேதிதான் சென்னை, பெங்களூரு சுங்கத் துறைகளில் ‘முகமற்ற மதிப்பீடு’ தொடங்கியிருந்தது. சென்னையில் இறங்கும் இயந்திரத்தின் ஆவணத்தை பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கணினியிலேயே பார்த்து வரி சரிதானா என்று முடிவு செய்வார். இறக்குமதியாளருக்கு அவர் யாரென்றே தெரியாது. அக்டோபர் இறுதிக்குள் இது நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. டிரம் ஒதுங்கியதும் இந்த மதிப்பீடு தொடங்கியதும் ஒரே மாதத்தில் நடந்தது தற்செயல்தான். ஆனால் நம் சுங்கத் துறையின் கண் எங்கே கூர்மை, எங்கே மங்கல் என்பதை இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

கூர்மையை முதலில் சொல்லிவிடலாம். மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை; அதற்குச் சென்னைத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் வந்திருக்கிறது. சுங்க ஏஜென்ட் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்ற இறக்குமதி அறிவிப்பை இணையத்தில் ஏற்றுகிறார். 2005 முதல் அந்த பில்லை முதலில் படிப்பது இடர் மேலாண்மை அமைப்பு என்ற மென்பொருள். யார் இறக்குமதியாளர், என்ன பொருள், எந்த நாட்டுச் சரக்கு, என்ன விலை, எந்த ஏஜென்ட், முன்பு மாட்டியிருக்கிறாரா என்று பார்க்கும். உறுத்தல் இல்லையென்றால் வரியைக் கட்டிவிட்டுப் பெட்டியைத் திறக்காமலே எடுத்துப் போகலாம். உறுத்தினால் ஆவணச் சோதனை, ஸ்கேனர், அல்லது பெட்டியைப் பிரித்து நேரடிப் பரிசோதனை. எதுவுமே உறுத்தாத பில்களிலும் சிலவற்றைக் குலுக்கல் முறையில் பிடித்து நிறுத்தும். இல்லாவிட்டால் கடத்துகிறவன் கணக்கைக் கற்றுக்கொண்டுவிடுவான்.

இதனால் யாருக்கு லாபம் என்று கேட்டால், இருதரப்புக்கும்தான். ஒழுங்கான கம்பெனியின் உற்பத்தி நிற்பதில்லை. அதிகாரி எல்லாப் பெட்டியையும் அரைகுறையாகப் பார்ப்பதை விட்டுச் சில பெட்டிகளை முழுதாகப் பார்க்கிறார். 2011 முதல் வரியை இறக்குமதியாளரே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்று சட்டமே மாறிவிட்டது. இந்த மென்பொருள் இல்லாமல் அந்த மாற்றத்தை நினைத்துப் பார்க்க முடியாது.

ஆனால் மென்பொருள் படிப்பது எழுதித் தந்ததை மட்டும். 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர்களில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. ஆவணத்தில் அது ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரான் வழியாக வந்த டால்க் கல். நிறுவனத்தின் முகவரி விஜயவாடா. அதை நடத்தியவர்கள் கைதானது சென்னையில். விஜயவாடாக்காரருக்கு வரும் கல் ஏன் குஜராத்தில் இறங்க வேண்டும்? இப்படிக் கேட்க ஒரு ஆள் வேண்டும். கேட்டபின் அதை விதியாக எழுதி மென்பொருளுக்குள் போட்டால், அடுத்த முறை அதுவே கேட்கும். பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி கண்டதைக் கண்டபடி பதிவு செய்யாமல் ‘சரி’ என்று தட்டிவிட்டால், மென்பொருளும் தப்பாகத்தான் பாடம் படிக்கும்.

கடற்கரையில் அந்த பில்லும் கிடையாது. கோவளம் தொடங்கி கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை கரைக்கு வந்து போவதெல்லாம் பெரும்பாலும் ஃபைபர் படகுகள். கப்பல்களை அடையாளம் காட்டும் தானியங்கிக் கருவி 20 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களுக்குத்தான் கட்டாயம். இந்தப் படகுகள் அந்த அளவுக்கு வெகு கீழே. ரேடார் திரையில் அவற்றைப் பிரித்தறிவது பெரும்பாடு. 2023இல் மன்னார் வளைகுடாவில் கடலில் வீசிய தங்கத்தை முக்குளித்து எடுத்தார்களே, 32 கிலோவுக்கு மேல், அது முன்கூட்டி வந்த ரகசியத் தகவலால். 2024 நவம்பரில் அந்தமான் பக்கம் மியான்மர் மீன்பிடிப் படகில் சுமார் 6,000 கிலோ மெத்தாம்பெட்டமைன் சிக்கியது, ரோந்து விமானியின் கண்ணில் அந்தப் படகின் போக்கு பட்டதால்.

ஆக, தகவல் தொழில்நுட்பத்தில் இனிப் போடும் காசு துறைமுக மென்பொருளுக்கு மட்டும் போகக் கூடாது என்பது என் கட்சி. கரையில் கிடைத்த பொட்டலத்தின் அச்சும் கட்டிய விதமும், கன்டெய்னரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரியின் திரைக்கு அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்ற எண் இருக்கிறது; மீனவர் கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டவரையே விசாரணை, சாட்சி என்று நாலு நாள் அலையவிட்டால், அடுத்த டிரம்மை அவர் வலையோரமாகத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். தகவல் தருபவருக்கு வெகுமதி கொடுக்கும் ஏற்பாடு சுங்கத் துறையில் நெடுநாளாக உண்டு. அதோடு அவர் இழந்த தொழில் நாட்களுக்கும் ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கப் புது மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை.