சந்து திரும்பும் தறிச் சத்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ராத்திரி தெருவில் நடந்தால், பேண்டேஜ் துணி நெய்யும் கூடத்தின் வெளிச்சம் வாசலோடு நின்றுவிடுகிறது. தறிச் சத்தம் மட்டும் சந்து திரும்பியும் கூடவே வருகிறதே, ஏன்? இரண்டும் அலைதானே?"

அலைதான், பிறவி வேறு. ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் நெருங்கி விலகுவது. காற்றோ நீரோ இரும்போ ஏதாவது ஒரு பொருள் அதற்கு வேண்டும். ஒளியோ போகும் திசைக்குக் குறுக்கே துடிக்கும் மின்காந்த அலை. வெற்றிடத்திலும் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நம் ஊர் வெயிலில் ஒலிக்கு வாய்ப்பது நொடிக்குச் சுமார் 350 மீட்டர்.

வாசகரின் கேள்விக்கு விடை அலைநீளத்தில் இருக்கிறது. தறியின் உறுமலில் 100 ஹெர்ட்ஸ் பகுதியை எடுத்துக்கொண்டால், அதன் அலைநீளம் மூன்றரை மீட்டர். ஒரு மீட்டர் அகல வாசல் அதற்குச் சின்னது. அப்படிப்பட்ட வாசலைத் தாண்டும் அலை எல்லாப் பக்கமும் விரிந்துவிடும். பச்சை ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதே வாசல் அதற்கு மாபெரும் வெளி. நேராகப் போய்விடும். ஒளியும் வளையும் என்பதைப் பார்க்க, இரண்டு விரல்களை மயிரிழை இடைவெளி விட்டுக் கண்ணருகே பிடித்து விளக்கைப் பாருங்கள். இடைவெளிக்குள் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும்.

என்னை உறுத்துவது வேறொன்று. ஊடை நூலைச் சுமந்தோடும் நாடாவைத் தறி அடித்து விரட்டும்போது 'டக்'கென்று வெடிக்கும் சத்தத்தில் கூர்மையான பகுதியும் உண்டு. 4000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 9 சென்டிமீட்டர்தான். அது அவ்வளவாக வளையாது. தெருவில் போகிற நமக்கு மழுங்கிய உறுமல், உள்ளே நிற்பவருக்கு முழு அடி. இரைச்சல் காதைக் கெடுக்கும்போது முதலில் போவதும் பெரும்பாலும் இந்த 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான். உட்செவியின் நுண்மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. "பேசுறது கேக்குது, என்ன பேசுறீங்கன்னுதான் புரியல" என்று தறிக்காரர்கள் சொல்வது, பேச்சின் கூர்மையான ஒலிகள் இப்படிக் காதில் விழாமல் போவதால்தான்.

எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் எல்லை என்கின்றன தொழிற்சாலை விதிகள். வீட்டோடு ஒட்டிய நாலு தறிக் கூடத்தில் அதை யார் அளக்கிறார்கள்? கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. வெறும் பஞ்சு போதாது. உருட்டிச் செருகினால் உள்ளே விரிந்து அடைக்கும் ஸ்பாஞ்ச் அடைப்பான், உறுமலைவிடக் கூர்மையான சத்தத்தையே அதிகம் தடுக்கும். விலையும் அதிகமில்லை. தறிக்கு எண்ணெய் வாங்கும் முதலாளி இதையும் சேர்த்து வாங்கலாம்.