அடுத்த மனையில் எழும் மாடி

ஜோலார்பேட்டையில் இரயிலை விட்டிறங்கி ஊருக்குள் நடப்போர் இன்று அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. ஒருபுறம் பழைய ஓட்டு வீடு. அதன் முற்றத்தில் முறத்தில் காயும் மிளகாய். மறுபுறம், அதே சுவரை ஒட்டி, நேற்றுவரை வேப்பமரம் நின்ற மனையில், கம்பிகளை நீட்டிக்கொண்டு எழும்பும் தூண்கள்.

முதல் தளம் எழும்பும்போது ஓட்டு வீட்டார் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாம் தளத்தில் சமையலறை இருள்கிறது. மூன்றாம் தளத்தில் முற்றத்து வெயில் மறைகிறது. "யாரிடம் போய்ச் சொல்வது?" என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கிறது. "ஊர்ப்பகை நமக்கெதற்கு? கோர்ட்டுப் படி ஏறினால் இருப்பதும் போய்விடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் அக்கேள்வியை அடக்கிவிடுகின்றனர். இவ்வறிவுரை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இம்மாதம் நாம் சற்று எண்ணிப் பார்ப்போம்.

நொய்டா தந்த பாடம்

தில்லியை அடுத்த நொய்டா நகரில் 'எமரால்டு கோர்ட்' என்னும் குடியிருப்பு உள்ளது. அதைக் கட்டியது சூப்பர்டெக் நிறுவனம். 2005இல் முதல் அனுமதி கிடைத்தபோது, தரைத்தளமும் ஒன்பது மாடிகளும் கொண்ட 14 கட்டடங்களே திட்டத்தில் இருந்தன. வரைபடத்தில் தோட்டமாகக் காட்டப்பட்ட இடத்தில் பின்னர் இரண்டு கோபுரங்கள் முளைத்தன. 2009இல் அவற்றிற்கு 24 மாடிகள் வரை அனுமதி. 2012இல் அதுவே 40 மாடிகள் வரை என்றாயிற்று.

குடியிருப்போர் வரைபடத்தைக் கேட்டனர். அதிகாரிகளோ, "காட்டலாமா?" என்று கட்டுமான நிறுவனத்தையே கேட்டனர்! நிறுவனம் மறுத்துவிட்டது. 2012இல் குடியிருப்போர் சங்கம் அலகாபாத் உயர் நீதிமன்றத்தை நாடியது. கோபுரங்களை இடிக்குமாறு 2014 ஏப்ரல் 11 அன்று தீர்ப்பாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2021 ஆகஸ்டு 31 அன்று நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா ஆகியோர் அத்தீர்ப்பை உறுதிசெய்தனர். கட்டடங்களுக்கிடையே 16 மீட்டர் இடைவெளி இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 9 மீட்டர்தான். அதிகாரிகளும் நிறுவனமும் கைகோத்துச் செயல்பட்டனர் என்று நீதிமன்றம் கடிந்துரைத்தது. சங்கத்திற்கு 2 கோடி ரூபாய் வழங்கவும் ஆணையிட்டது.

2022 ஆகஸ்டு 28 அன்று, ஏறத்தாழ 3,700 கிலோ வெடிமருந்தால், நூறு மீட்டர் உயரக் கோபுரங்கள் சில நொடிகளில் தூளாயின. எளிய குடும்பங்கள் வென்றன, ஐயமில்லை. ஆனால் அவ்வெற்றிக்குப் பத்தாண்டுகள் ஆயின என்பதை மறத்தல் கூடாது. அக்கோபுரங்களில் வீடு வாங்க முன்பணம் கட்டிய குடும்பங்களும் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவர்கள் செய்த குற்றம் யாது? 12 விழுக்காடு வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தர நீதிமன்றம் ஆணையிட்டும், பலர் அதைப் பெற மீண்டும் நீதிமன்ற வாயிலில் நிற்க நேர்ந்தது.

நம் மண்ணின் முன்மாதிரி

வழக்காடுதல் நம் பகுதிக்குப் புதிதன்று. தோல் ஆலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தபோது, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் நெறி அத்தீர்ப்பால் இந்நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. இன்று சட்டக் கல்லூரிகளில் வேலூரின் பெயரால் அது படிக்கப்படுகிறது. எனினும், தீர்ப்பு வருமுன் கெட்ட நிலம் தீர்ப்பினால் ஒரே நாளில் விளைநிலமாகிவிடவில்லை. காலந்தாழ்ந்த நீதி காயத்தை ஆற்றலாம், தழும்பை அழிக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டருக்கு மேற்பட்டது உயர்மாடிக் கட்டடம். அதன் நாற்புறமும் குறைந்தது 7 மீட்டர் திறந்தவெளி வேண்டும். உயரம் கூடக் கூட இவ்வெளியும் கூட வேண்டும். சிறிய கட்டடங்களுக்கும் இடைவெளி விதிகள் உண்டு. அனுமதியின்றியோ அனுமதியை மீறியோ கட்டப்படுவதை நிறுத்தவும் அகற்றவும் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் வழிசெய்கின்றன.

"பின்னால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம்" என்பார் பலர். அவ்வாறு வரன்முறைப்படுத்த 1998இல் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தை, ஒரே ஒருமுறைச் சலுகை என்ற அளவில்தான் உச்ச நீதிமன்றம் 2000இல் ஏற்றது. அச்சலுகையை மேன்மேலும் நீட்டித்த திருத்தங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் செல்லாதென்றது.

இன்னொன்று: 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு வீட்டின் சன்னல் வழியே இருபதாண்டுகள் தடையின்றி வந்த வெளிச்சமும் காற்றும் அவ்வீட்டின் உரிமையாகிவிடும். அதைப் பெரிதும் மறைத்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணையோ இழப்பீடோ கோரலாம். ஆனால் பார்வைக்கு அழகான காட்சி மறைந்தது என்பதற்கோ, அடுத்தவர் நம்மினும் உயர்ந்துவிட்டார் என்பதற்கோ வழக்கில்லை!

செய்ய வேண்டுவது

அடித்தளம் தோண்டும்போதே அண்டை வீட்டாரிடம் சென்று, அனுமதி பெற்ற வரைபடத்தைக் காட்டுமாறு பண்புடன் கேளுங்கள். பாதிச் சண்டை இதிலேயே தீரும். காட்ட மறுத்தால், நகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். விதிமீறல் கண்டால், தெருவார் சிலர் சேர்ந்து எழுத்து மூலம் முறையிட்டு, ஒப்புகைச் சீட்டு பெற்று, நாளிட்ட படங்களுடன் பாதுகாத்து வையுங்கள். அதிகாரிகள் அசையாவிடில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டா. நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப்பணிகள் குழுக்கள் இலவச உதவி தருகின்றன. பெண்கள் வருமான வரம்பின்றி இதைப் பெறலாம்.

ஆக, பெரியவர்களின் அறிவுரையில் பாதியே உண்மை. பகை வேண்டா என்பது சரி. ஆகவே பேசாதிருப்போம் என்பது சரியன்று. தூண் எழுமுன் சொல்லும் சொல் அண்டை வீட்டாருக்கும் செலவை மிச்சப்படுத்தும். அங்கே குடிவரப்போகும் முகமறியாக் குடும்பத்தையும் காக்கும். பத்து மாடி எழுந்தபின் தொடுக்கும் வழக்கோ வென்றாலும் பலரை அழவைக்கும்.

இறுதியாக ஒன்று. நாளை நம் மகனுக்காக நாமும் ஒரு மாடி எழுப்புவோம். அன்று அளவுநாடாவைப் பிடிக்கும்போது, அடுத்த வீட்டு முற்றத்தில் காயும் மிளகாயையும் ஒருமுறை எட்டிப் பார்ப்போமாக.