வாரா வாரம் காத்து இறங்குதா? ஸ்கூட்டரின் ‘ஸ்லோ பஞ்சரை’ வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்!

திங்கட்கிழமை காற்று அடிப்போம். சனிக்கிழமைக்குள் பின் டயர் தொளதொளவென்று ஆகிவிடும். எங்கள் வீட்டு ஸ்கூட்டரில் ஒன்றரை மாதம் இதே கதைதான். “ஆணி எதுவும் தெரியலை, காத்து அடிச்சா நல்லாதானே ஓடுது” என்றார் அம்மா. நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மழைநாள் காலை, தங்கையைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும் வளைவில் பின் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போக, அம்மா வண்டியோடு சாய்ந்துவிட்டார். முழங்காலில் சிராய்ப்போடு தப்பித்தார். தங்கை இறங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

வண்டியைப் பார்த்த பஞ்சர் கடைப் பெரியவர் சொன்னது ஒன்றுதான்: “காத்த அடிச்சு அடிச்சு வியாதிய மறைச்சுட்டீங்களேம்மா!”

எது சாதாரணம், எது பஞ்சர்?

நல்ல டயரிலும் மாதத்துக்கு 1 அல்லது 2 பிஎஸ்ஐ காற்று தானாகக் குறையும். ரப்பரின் இயல்பு அது. ஒரே வாரத்தில் 5, 6 பிஎஸ்ஐ இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. டியூப் டயர் என்றால் டக்கென்று காற்று போய்விடும், நமக்குத் தெரிந்துவிடும். இப்போதைய ஸ்கூட்டர்களில் வரும் டியூப்லெஸ் டயரில் ஆணியே அடைப்பாக நின்று, காற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

காற்று குறைந்த டயரில் வளைவுகளில் பிடிப்பு போய்விடும். ஓரங்கள் மடங்கி மடங்கிச் சூடாகி, டயரின் உள்பக்கமே சேதமாகும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

சோப்புத் தண்ணீர் போதும்!

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரில் முழு அளவு காற்று இருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் லிக்விடை ஒரு மூடி எடுத்துத் தண்ணீரில் கலக்கி, ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். இனி இந்த வரிசையில் பாருங்கள்.

1. வால்வு வாய்: மூடியைக் கழற்றி, துளையின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின் தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். இறுக்கினாலோ மாற்றினாலோ சரியாகிவிடும்.

2. வால்வின் அடிப்பகுதி: சோப்புத் தண்ணீரை அடித்துவிட்டு, வால்வை விரலால் லேசாக இருபக்கமும் வளைத்துப் பாருங்கள். வெயிலில் வெடித்த ரப்பர் என்றால் அப்போதுதான் நுரை கிளம்பும். எங்கள் வண்டியின் ‘வியாதி’ இதுதான். ஆணியைத் தேடி அலைந்த நாங்கள் வால்வைத் தொட்டுப் பார்க்கவே இல்லை! புது வால்வு, கூலி எல்லாம் சேர்த்து 150 ரூபாயில் வேலை முடிந்தது.

3. டயரின் மேல்பகுதி: சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஸ்ப்ரே செய்யுங்கள். சில கசிவுகளில் குமிழி வர ஒரு நிமிடம்கூட ஆகும், பொறுமை முக்கியம். ஆணி தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். பிடுங்கினால் மொத்தக் காற்றும் போய்விடும். சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

4. ரிம் ஓரம்: டயரும் ரிம்மும் சேரும் இடத்தைச் சுற்றிலும் இரண்டு பக்கமும் பாருங்கள். பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்திருந்தாலோ, இரும்பு ரிம் துருப்பிடித்திருந்தாலோ இங்கே நுரைக்கும். டயரைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்ட வேண்டும். நெளிவு அதிகமென்றால் ரிம்மையே மாற்ற வேண்டியிருக்கும்.

கடையில் என்ன கவனிக்க வேண்டும்?

மேல்பகுதி ஓட்டை என்றால் ஆணியைப் பிடுங்கி, துளையை அரம் போன்ற கருவியால் சொரசொரப்பாக்கி, பசை தடவிய ரப்பர் ஸ்ட்ரிப்பை ஊசியால் உள்ளே செலுத்துவார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் மறுபடி சோப்புத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். குமிழி வரக் கூடாது. உள்பக்கமாக ஒட்டும் பேட்ச் இன்னும் உறுதியானது. டயரின் பக்கச்சுவரில் ஓட்டை விழுந்தால் ஸ்ட்ரிப் போடக் கூடாது. டயரை மாற்றுவதே பாதுகாப்பு.

“நாலு பஞ்சர் இருக்கு” என்று யாராவது சொன்னால், ஒவ்வொன்றிலும் குமிழியைக் காட்டச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை ஓரக் கடை ஒன்றில் நான் அப்படிக் கேட்டதும், நாலு ஒன்றாகிவிட்டது!

வாரம் ஐந்து நிமிடம்

பல ஸ்கூட்டர்களில் முன் டயருக்கு 22, பின் டயருக்கு 29, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 36 பிஎஸ்ஐ என்று இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூட்டிக் காட்டும் என்பதால் காலையிலேயே பார்ப்பது நல்லது.

இப்போது எங்கள் வீட்டு காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் டயர் காற்றின் கணக்கும் இருக்கிறது. ஞாயிறுதோறும் எழுதுவது தங்கை. அளவு இறங்கியிருந்தால் அம்மாவுக்கு அன்று சாவி கிடைக்காது!