காலேஜை மட்டும் பார்க்காதீர்கள்... ஊரையும் பாருங்கள்!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், வீட்டில் ஒரே பேச்சுதான். "எந்த காலேஜ்? எந்த குரூப்? கட் ஆஃப் எவ்வளவு?" அப்பா பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார். அம்மா நாலு வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்திருப்பார். பிள்ளையோ, "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சென்னைதான் போடறாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

இந்த அமளியில் வீட்டுப் பாட்டி மட்டும் வேறொரு கேள்வி கேட்பார். "அந்த ஊர்த் தண்ணி புள்ளைக்கு ஒத்துக்குமா?" எல்லோரும் சிரிப்பீர்கள். ஆனால் அது சிரித்து ஒதுக்கும் கேள்வியில்லை. உங்கள் பிள்ளை காலேஜில் இருக்கப்போவது தினமும் ஏழெட்டு மணி நேரம். மீதி நேரமெல்லாம் அந்த ஊரில்தான். அந்த ஊர்த் தண்ணியைக் குடித்து, அந்த ஊர்க் காற்றை சுவாசித்து, அந்த ஊர் மெஸ்ஸில் சாப்பிட்டு மூன்று, நான்கு வருஷம் ஓட்ட வேண்டும். உடம்பு படுத்தால் படிப்பும் படுத்துவிடும்.

பொறியியல் கவுன்சலிங் 2018-லிருந்து ஆன்லைனில் நடக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே வரிசையாக காலேஜ்களைத் தட்டிவிடுகிறோம். ஊரைக் கண்ணால் பார்க்காமலே ஊர் முடிவாகிவிடுகிறது! பட்டனைத் தட்டுமுன் கீழே உள்ள விஷயங்களை ஒருமுறை யோசித்துவிடுங்கள்.

தண்ணி எப்படி?

கோயம்புத்தூர் என்றதும் சிறுவாணித் தண்ணீர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால், கோவையிலேயே எல்லாப் பகுதிக்கும் சிறுவாணி வருவதில்லை. பில்லூர் தண்ணீர் வரும் பகுதிகள் உண்டு. ஊருக்கு வெளியே உள்ள விடுதிகளில் போர் தண்ணீரும் இருக்கலாம். சென்னையின் கதை உங்களுக்கே தெரியும். 2019-ல் ஏரிகள் வறண்டுபோய், ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதனால், "ஊர்ல தண்ணி நல்லா இருக்குமா?" என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். "இந்த ஹாஸ்டல்ல குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருது? தொட்டியை எப்போ கழுவினீங்க?" என்று கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்!

புது ஊருக்குப் போகும் பிள்ளைகளை மஞ்சள் காமாலையும் டைஃபாய்டும் படுக்கவைப்பது அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும்தான். இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. டைஃபாய்டு ஊசியைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாடியே போட்டுவிட வேண்டும். தண்ணீரால் பரவும் 'ஏ' வகைக் காமாலைக்கான தடுப்பூசியில், முதல் ஊசிக்கு ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசி போடும் வகை உண்டு. அம்மை வராத பிள்ளையென்றால் அதற்கான தடுப்பூசியையும் சேர்த்து உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றும் வெயிலும்

பிள்ளைக்கு வீசிங் உண்டா? அப்படியானால் இதுதான் உங்களுக்கு முதல் கேள்வி. டெல்லியில் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது நிறைய. நல்ல பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, சந்தேகமே இல்லை. ஆனால், அங்கே நவம்பர் வந்தால் காற்று புகைமூட்டமாகிவிடும். பள்ளிக்கூடங்களுக்கே லீவு விட்ட வருஷங்கள் உண்டு. போதாததற்குக் கடும் குளிர், கோடையில் 45 டிகிரி வெயில். பெங்களூருவின் குளிரும் மகரந்தமும் தூசியும்கூட சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

அதற்காகப் போகவே கூடாது என்று அர்த்தமில்லை. இன்ஹேலரை ஒழுங்காக எடுத்து வீசிங்கைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பிள்ளை எங்கும் படிக்கலாம். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று மருந்தைப் பாதியில் நிறுத்தும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பது உங்களுக்கே தெரியும்.

வேலூர், திருச்சி என்றால் வெயில். வேர்வையில் போகும் தண்ணீரை ஈடுகட்டாவிட்டால் நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் எட்டிப்பார்க்கும். சென்னை என்றால் கடலோரப் புழுக்கம். ஈர ஜீன்ஸ், அறைத்தோழன் டவல் இரண்டும் சேர்ந்தால் படர்தாமரை நிச்சயம். "டவலையும் சோப்பையும் யார்கிட்டயும் பகிர்ந்துக்காதே" என்று சொல்லி அனுப்புங்கள்.

'வீட்டிலிருந்தே போய்வரட்டும்'

"ஹாஸ்டல் செலவு மிச்சம், வீட்டுச் சாப்பாடு, கண் பார்வையிலேயே இருக்கும்" என்று பல பெற்றோர் நினைப்பது நியாயம்தான். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மாதம் 22 நாள் என்றால் 88 மணி நேரம்! மூன்றரை நாளுக்கு மேல் பஸ்ஸிலேயே போய்விடுகிறது. காலை ஆறு மணி காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஐந்துக்கே எழுந்திருக்கும் பிள்ளை, டிபனைத் தவறவிடும். இந்த வயதில் தினம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. ஒருவழிப் பயணம் ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டுகிறதென்றால் ஹாஸ்டலைப் பற்றி யோசிப்பதில் தப்பில்லை.

ஒரு ராத்திரி தூரம்

சரி, வெளியூர் என்றால் எவ்வளவு தூரம்? மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கோவை... இதெல்லாம் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் வீடு. டெல்லிக்கு ரயிலில் ஒன்றரை நாளாகும். விமானம் என்றால் எல்லோருக்கும் எல்லா நேரமும் முடியாது. முதன்முதலாக வீட்டைப் பிரியும் பிள்ளைக்கு இந்த 'ஒரு ராத்திரி தூரம்' பெரிய தைரியம். ஜுரம் வந்தால் அம்மா காலையில் வந்துவிடுவார் என்ற நினைப்பே பாதி மருந்து. தொலைவில்தான் படிப்பு என்று முடிவானால், அந்த ஊரில் அவசரத்துக்கு ஓடிவர உறவோ நட்போ ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

மறைக்காதீர்கள்!

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வலிப்பு, சர்க்கரை, தைராய்டு என்று பிள்ளைக்கு ஏதாவது இருந்தால், "வெளியே தெரிஞ்சா நல்லா இருக்காது" என்று மூடி மறைத்து ஹாஸ்டலில் விடுகிறோம். பெண் பிள்ளையென்றால் கேட்கவே வேண்டாம். நினைத்துப்பாருங்கள்... பரீட்சைக்காக ராத்திரி முழுக்கக் கண் விழித்ததில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வருகிறது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பது அவளுக்குத் தெரியும். அறையில் உள்ள மற்றவர்களுக்கு அவளுக்கு வலிப்பு உண்டென்பதே தெரியாது. பயத்தில் கையில் சாவியைத் திணிப்பார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் போனால் உயிருக்கே ஆபத்து. ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-க்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு தோழிக்குத் தெரிந்திருந்தால் போதும்!

இன்சுலின் போடும் பிள்ளையென்றால், மருந்து வைக்க ஃப்ரிட்ஜ் உண்டா, மெஸ் நேரம் தாமதமானால் என்ன செய்வது என்று வார்டனிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வியர்த்து, நடுங்கி, உளறினால் சர்க்கரை குறைகிறது என்பதையும், நினைவிருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதையும் அறைத்தோழர்களுக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் 24 மணி நேர ஆஸ்பத்திரி எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மகளை அனுப்புகிறீர்களா?

2014-ம் வருடத்துச் சட்டப்படி தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்த லைசென்ஸ் கட்டாயம். கேட்டுப் பாருங்கள். கழிப்பறையை நீங்களே போய்ப் பாருங்கள். அது சரியில்லாவிட்டால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்று வரிசையில் வந்து நிற்கும். இந்தியப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மெஸ்ஸில் கீரை, பருப்பு, முட்டை வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்பது அற்ப விஷயமில்லை. கிளம்புமுன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள்.

மனசும் ஒத்துக்கொள்ளணும்

உடம்புக்கு ஊர் ஒத்துக்கொண்டாலும் மனசுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முதல் மாதம் அழுகை எல்லோருக்கும் வரும். சில வாரங்களில் தேறிவிடும். தேறாமல், சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, "நல்லா இருக்கேம்மா" என்ற ஒற்றை வார்த்தையோடு போனை வைத்துவிட்டால் நேரில் போய்ப் பாருங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். பிள்ளையின் போனில் முதல் நாளே பதிந்துகொடுங்கள்.

இன்னொன்று: "இவ்வளவு ஃபீஸ் கட்டியிருக்கோம்" என்று போனில் ஒருநாளும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே கஷ்டத்தை விழுங்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. "பிடிக்கலைன்னா சொல்லு, சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று செய்யுங்கள். ஒரு தாளில் மூன்று ஊர்ப் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தண்ணீர், காற்று, பயணம், சாப்பாடு, ஆஸ்பத்திரி, தூரம் என்று ஆறு கட்டம் போடுங்கள். பேனாவைப் பிள்ளையிடமே கொடுங்கள். முடிந்தால் முதலில் வரும் ஊருக்கு இருவருமாக ஒருமுறை போய், காலேஜ் பக்கத்து மெஸ்ஸிலேயே ஒருவேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அங்கே வாழப்போவது பிள்ளைதான். கட்டங்களை அவர்களே நிரப்பட்டும்!